மக் யாருக்கு, மேசை எங்கே: ஓர் ஆங்கிலக் கிராமத்தின் பிளாட்டினம் ஜூபிலி

பின்னணி

இரண்டாம் எலிசபெத் அரியணை ஏறியது 1952 பிப்ரவரி 6. எழுபதாண்டு நிறைவு, அதாவது பிளாட்டினம் ஜூபிலி, 2022 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. ஆனால் அது அவருடைய தந்தை ஆறாம் ஜார்ஜ் இறந்த நாளும்கூட. போதாக்குறைக்குப் பிப்ரவரிக் குளிரில் இங்கிலாந்தில் யாரும் வெளியே மேசை போட்டு உட்கார மாட்டார்கள். அதனால் பொதுக் கொண்டாட்டத்தை ஜூன் 2 வியாழன் முதல் 5 ஞாயிறு வரை வைத்தார்கள். மே கடைசித் திங்களன்று வர வேண்டிய வங்கி விடுமுறையை (பொது விடுமுறைக்கு இங்கே அந்தப் பெயர்) ஜூன் 2-க்கு நகர்த்தி, 3-ஆம் தேதியைக் கூடுதல் விடுமுறையாக அறிவித்தது அரசு. வியாழன் இரவு நாடெங்கும் குன்றுகளில் தீமூட்டுவது, வெள்ளியன்று செயின்ட் பால் பேராலயத்தில் நன்றி வழிபாடு, சனி இரவு அரண்மனை முன் இசை நிகழ்ச்சி, ஞாயிறு ஊருக்கு ஊர் கூட்டு விருந்து என்று திட்டம்.

இந்த ஆய்வு தென் இங்கிலாந்தின் ஒரு கிராமம் அந்த நான்கு நாளை எப்படி நடத்தியது என்பதைப் பற்றியது. ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம் என்று குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். நான் அந்த ஊரில் குடியிருப்பவன். கூட்டக் குறிப்புகள் எழுதும் வேலை என்னிடம் இருந்தது. கீழே உள்ளவை பெரும்பாலும் அந்தக் குறிப்புகளிலிருந்து எடுத்தவை.

ஊரில் சுமார் 900 பேர். ஒரு பழைய கல் தேவாலயம், ஒரு பப், ஒரு தொடக்கப்பள்ளி, ஒரு ஊர்க் கூடம், கிரிக்கெட் ஆடும் புல்வெளி. இவையெல்லாம் நெடுஞ்சாலைக்கு ஒரு பக்கம். மறுபக்கம் சமீப ஆண்டுகளில் கட்டிய புதுக் குடியிருப்பு, அறுபது வீடுகள் இருக்கும். இளம் தம்பதிகள், சின்னப் பிள்ளைகள் அங்கேதான் அதிகம். அந்தச் சாலையில் வண்டிகள் ஐம்பது மைல் வேகத்தில் போகும். கடக்க நடைபாதைக் கோடு கிடையாது. வரைபடத்தில் இரண்டும் ஒரே பாரிஷ், அதாவது ஒரே ஊர் எல்லை. நடைமுறையில் அப்படி இல்லை என்பதை இந்த ஜூபிலி வெளியே கொண்டுவந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குழு அமைந்த விதம்

2021 இலையுதிர் காலத்தில் பாரிஷ் கவுன்சில் முதல் கூட்டத்தைக் கூட்டியது. பாரிஷ் கவுன்சில் என்பது இங்கே உள்ளாட்சியின் கடைசிப் படி. நம் ஊராட்சி மன்றத்தைவிடவும் சிறிய அதிகாரம். புல்வெளி, பெஞ்சு, கல்லறைத் தோட்டம், தெருவிளக்கு மாதிரி விஷயங்கள்தான் அதன் கையில்.

தனிக்குழுவாக இயங்கலாமா, கவுன்சிலின் துணைக்குழுவாக இருக்கலாமா என்பதுதான் முதல் கேள்வி. தனிக்குழுவென்றால் கவுன்சில் கூட்ட விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டாம், வேகமாக வேலை நடக்கும். ஆனால் யாராவது கயிறு தடுக்கி விழுந்து வழக்குப் போட்டால்? கவுன்சிலுக்கு ஏற்கெனவே பொதுப் பொறுப்புக் காப்பீடு இருந்தது. துணைக்குழு நடத்தும் நிகழ்ச்சிக்கும் அது பொருந்தும் என்று காப்பீட்டு நிறுவனம் எழுதிக் கொடுத்தது. விவாதம் அத்தோடு முடிந்தது. குழுவில் ஒன்பது பேர். ஒருவரும் புதுக் குடியிருப்பில் இருந்து இல்லை. அன்றைக்கு அது யார் கண்ணிலும் படவில்லை, குறிப்பிலும் இல்லை.

அந்தக் கூட்டத்திலேயே எடுத்த இன்னொரு முடிவு பின்னால் கைகொடுத்தது. 2012-இல் டைமண்ட் ஜூபிலி ஞாயிறன்று, தேம்ஸ் நதியில் படகு ஊர்வலம் நடந்த அதே நாள், கொட்டிய மழை எல்லோருக்கும் நினைவிருந்தது. வெயில் அடிக்குமென்று நம்பாமல் ஊர்க் கூடத்தை ஞாயிறு முழுவதற்கும் அன்றே பதிவு செய்தார்கள்.

விருந்தைப் பிரதான தெருவில் வைக்க வேண்டும் என்று சிலர் ஆசைப்பட்டார்கள். 1977 வெள்ளி ஜூபிலிப் புகைப்படத்தில் அந்தத் தெரு நெடுக மேசை போட்டிருக்கும். ஆனால் இப்போது அது பேருந்து போகும் வழி. அதை மூட விண்ணப்பித்தால் மாற்றுப்பாதை, அறிவிப்புப் பலகை என்று நீண்டுகொண்டே போகும். கடைசியில் தேவாலயத்துக்கும் ஊர்க் கூடத்துக்கும் நடுவே உள்ள குறுகிய சந்து ஒன்றை மட்டும் மூடினால் போதும் என்று பிப்ரவரியிலேயே விண்ணப்பம் போனது. அனுமதி கிடைத்தது. மேசைகள் சந்தின் ஒரு ஓரமாக, ஆம்புலன்ஸ் போக மறு ஓரம் காலியாக.

மக் விவகாரம்

ஜூபிலி என்றால் பிள்ளைகளுக்கு நினைவு மக், அதாவது கைப்பிடி வைத்த கோப்பை, கொடுப்பது இந்த நாட்டில் விக்டோரியா காலத்திலிருந்து வரும் வழக்கம். இதில் என்ன சிக்கல் வரும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மொத்தக் கூட்டங்களில் அதிக நேரத்தைத் தின்றது இந்த மக்தான்.

ஊர்ப் பள்ளியில் எண்பது பிள்ளைகள் படிக்கிறார்கள், ஆளுக்கொன்று கொடுத்துவிடலாம் என்பது முதல் யோசனை. கவுன்சில் எழுத்தர் கையைத் தூக்கினார். அந்த எண்பதில் மூன்றில் ஒரு பங்கு பக்கத்து ஊர்களிலிருந்து வருபவர்கள். பாரிஷ் பணத்தை பாரிஷுக்கோ அதில் குடியிருப்பவர்களுக்கோ பயன்படுகிற விதத்தில்தான் செலவழிக்க வேண்டும்; தணிக்கையில் கேட்பார்கள் என்றார். சரி, வெளியூர்ப் பிள்ளைகளை விட்டுவிடலாமா? வகுப்பில் மூன்று பேர் உட்கார்ந்திருக்க இரண்டு பேருக்கு மட்டும் கொடுக்க எந்த ஆசிரியரும் சம்மதிக்க மாட்டார். தலைமையாசிரியர் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

அப்புறம் அடுத்த கேள்வி. ஊரிலேயே குடியிருந்துகொண்டு நகரத்துக் கத்தோலிக்கப் பள்ளிக்கும் தனியார் பள்ளிகளுக்கும் போகிறவர்கள், வீட்டிலேயே படிக்கிறவர்கள், இன்னும் பள்ளிக்கே போகாத கைக்குழந்தைகள்? பதினைந்து வயதுப் பையன் பிள்ளையா, பெரியவனா?

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இந்த இடத்தில் உதவினார். அவர் முடியாட்சியே வேண்டாம் என்கிற கட்சி, அதை ஒளித்ததில்லை. ஆனால் ஊர் வரலாற்றில் பெரிய ஈடுபாடு. பள்ளியின் பழைய நாட்பதிவேட்டையும் கவுன்சிலின் பழைய தீர்மானப் புத்தகத்தையும் புரட்டி, ஐந்தாம் ஜார்ஜின் 1935 வெள்ளி ஜூபிலிக்கு எத்தனை மக் வாங்கினார்கள் என்ற வரியைக் கண்டுபிடித்தார். யாருக்குக் கொடுத்தார்கள் என்பது எங்கும் இல்லை. அன்றைக்கு அது கேட்காமலே எல்லோருக்கும் தெரிந்திருக்கும். இன்றைக்குத் தெரியவில்லை என்பதால் விதியை எழுதி வைப்போம் என்று முடிவானது.

விதி இதுதான்: பாரிஷில் குடியிருக்கும் பதினாறு வயதுக்குட்பட்ட எல்லோருக்கும், ஊர்ப் பள்ளியில் படிக்கும் எல்லோருக்கும். முதல் வகைக்குக் கவுன்சில் பணம். பள்ளிக்கு வரும் வெளியூர்ப் பிள்ளைகளுக்குத் தேவாலயக் கோடை விழாவில் மிச்சமிருந்த பணம். கணக்குச் சுத்தம், வகுப்பில் சண்டையும் இல்லை.

தமிழ்நாட்டில் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு எண்ணி வரி போடும்போது, வேலைக்குப் பட்டணம் போனவர், பெண் எடுத்து வந்து தங்கியவர், புதிதாக மனை வாங்கியவர் கணக்கில் வருவாரா என்று எழும் சண்டையைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியமே இருக்காது. அங்கே பட்டியலில் இருந்தால் காசு கொடுக்க வேண்டும், இங்கே இருந்தால் மக் கிடைக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பட்டியல் தயாரிப்பதில்தான் கோட்டை விட்டது குழு. தனிநபர் தகவல் சட்டப்படி பள்ளி முகவரிகளைத் தர முடியாது. எனவே பள்ளி எண்ணிக்கை மட்டும் சொன்னது. மற்றவர்கள் பெயர் கொடுக்க ஊர் மாத இதழில் ஒரு படிவம் அச்சிட்டார்கள். கடைசித் தேதி மார்ச் 31, ஏனென்றால் மக் தயாரிப்பவர் அதற்குள் எண்ணிக்கை கேட்டிருந்தார். பள்ளிக்கு எண்பது, படிவத்தில் வந்த ஐம்பத்துச் சொச்சம், கூடுதலாக இருபது.

ஏப்ரலில் தெரிந்த ஓட்டை

விருந்துக்கு வருவோர் பட்டியலை ஏப்ரல் நடுவில் சரிபார்த்தபோது ஒருவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். புதுக் குடியிருப்பின் அறுபது வீடுகளில் நான்கே வீடுகள் பெயர் கொடுத்திருந்தன. ஆர்வமில்லை போலிருக்கிறது, அவர்கள் லண்டனுக்கு வேலைக்குப் போகிறவர்கள்தானே என்று உடனே ஒரு விளக்கம் வந்தது. நல்லவேளை, இன்னொருவர் அங்கே போய் இரண்டு மூன்று கதவைத் தட்டிப் பார்த்தார்.

மாத இதழ் அங்கே போகவே இல்லை. இதழைத் தன்னார்வலர்கள் தெருவுக்கு ஒருவராக வீடு வீடாகப் போடுகிறார்கள். அந்தத் தெருப் பிரிவு, குடியிருப்பு கட்டுவதற்கு முன்பே போட்டது. புது வீடுகள் யார் பங்கிலும் இல்லை. பெயர் கொடுத்த நான்கு வீடும் பள்ளி வழியாகவோ பப் வழியாகவோ தெரிந்துகொண்டவர்கள்.

வீடு வீடாகத் துண்டறிக்கை போடுவது, குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி பகிர்வது, அங்கிருந்து ஒருவரைக் குழுவில் சேர்ப்பது என்று மூன்றும் அந்த வாரமே நடந்தன. இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருவர் சேர்ந்தார். அவர் வந்த முதல் கூட்டத்திலேயே சாலையை எப்படிக் கடப்பது என்று கேட்டார். மஞ்சள் சட்டை போட்ட தொண்டர்களை நிறுத்தலாம் என்று தலைவர் சொன்னார். தொண்டருக்கு வண்டியை நிறுத்தச் சட்டப்படி அதிகாரம் கிடையாது, காவல்துறையோ அதற்கென அங்கீகாரம் பெற்றவரோதான் நிறுத்தலாம் என்று எழுத்தர் சொன்னார். பிள்ளைகளைக் கூட்டமாகச் சேர்த்து, பெரியவர்கள் முன்னும் பின்னும் வர, சாலை காலியாகும்போது கடப்பது என்று வைத்துக்கொண்டார்கள். அது தீர்வல்ல என்று எல்லோருக்கும் தெரியும்.

விருந்துப் பதிவு ஒரே மாதத்தில் 210-ஐத் தாண்டியது. ஆனால் மக் எண்ணிக்கை ஏற்கெனவே போய்விட்டிருந்தது. நாடு முழுக்க ஆர்டர் குவிந்திருந்த சமயம். ஜூனுக்குள் கூடுதலாகத் தர முடியாது என்று பதில் வந்தது.

பணம், மது, வாழ்த்து

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தலைக்குப் பத்து பவுண்டு டிக்கெட் என்ற யோசனை, நான்கு பேர் குடும்பத்துக்கு நாற்பது ஆகும் என்பதால் கைவிடப்பட்டது. அவரவர் ஒரு பதார்த்தம் கொண்டுவந்து எல்லோரும் பகிர்வது என்றானது. செலவுக்குக் கவுன்சில் மானியமும் குலுக்கல் சீட்டும். குலுக்கல் சீட்டை நிகழ்ச்சி நடக்கும் இடத்தில், நடக்கும்போது மட்டும் விற்றால் உரிமம் வேண்டாம். அதனால் முன்கூட்டி விற்கவில்லை. மது விற்க வேண்டுமானால் 21 பவுண்டு கட்டி, குறைந்தது பத்து வேலை நாளுக்கு முன் தற்காலிக நிகழ்வு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். காசு பெரிதில்லை. ஆனால் ஊர் பப்புக்குப் போட்டியாக நாமே கடை போடுவதா என்று விட்டார்கள். குடிக்க விரும்பியவர்கள் பாட்டிலைத் தாங்களே கொண்டுவந்தார்கள்.

அரசிக்கு வாழ்த்துக் கூறிக் கிண்ணம் உயர்த்துவது பற்றி ஒரு கூட்டம் முழுக்கப் பேசினார்கள். அந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் மட்டுமல்ல, வேறு சிலரும் அதில் கலந்துகொள்ள மாட்டோம் என்றார்கள்; விருந்துக்கு வரத் தடையில்லை என்றும் சொன்னார்கள். மூன்று மணிக்கு வாழ்த்தும் தேசிய கீதமும் என்று நிகழ்ச்சி நிரலில் நேரம் போட்டுவிடுவது, விரும்பாதவர் அந்த ஐந்து நிமிடம் எங்காவது இருந்துகொள்வது என்று முடிவு செய்தார்கள். துண்டறிக்கையில் பெரிய எழுத்தில் ‘ஊர் விருந்து’, கீழே ஜூபிலி. ஒரு மூத்த உறுப்பினருக்கு இது பிடிக்கவில்லை. தன் எதிர்ப்பைக் குறிப்பில் பதியச் சொன்னார், பதிந்தேன். என் கணிப்பில் இந்தக் குழு எடுத்த முடிவுகளிலேயே நல்லது இதுதான். எதிர்ப்பாளர்கள் அன்றைக்கு மேசை தூக்கினார்கள். ஆசிரியர் 1897, 1935, 1977 ஜூபிலிகளின் ஊர்ப் படங்களை வைத்துக் கண்காட்சி நடத்தினார்.

வியாழன் இரவு

ஒரு விவசாயி தன் மேட்டு நிலத்தில் விறகு அடுக்கித் தந்தார். தீயணைப்பு நிலையத்துக்கு முன்பே தகவல் சொல்லியிருந்தோம். நாடு முழுக்க 9.45-க்குப் பற்றவைக்கச் சொல்லியிருந்தார்கள். ஜூன் தொடக்கத்தில் அந்த நேரத்திலும் வானம் முழுக்க இருட்டியிருக்காது. ஆனாலும் தொலைவில் இரண்டு குன்றுகளில் நெருப்பு தெரிந்தது. பிரச்சினை கார்களால் வந்தது. குறுகிய பாதையில் இருபுறமும் நிறுத்தி, திரும்ப வழியில்லாமல் நள்ளிரவு வரை சிக்கிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை மாலை

ஞாயிறு மழை என்று வெள்ளியிலிருந்தே வானிலை அறிக்கை சொல்லிவந்தது. சனி மாலை ஆறு மணிக்குக் குழு ஊர்க் கூடத்தில் நின்றபடியே கூடியது. கூடத்தின் தீப் பாதுகாப்பு அனுமதி 120 பேருக்கு. பதிவானவர்கள் இருநூற்றுப் பத்துக்கு மேல். கிரிக்கெட் கிளப்பின் கூடாரம் ஒன்று கைவசம் இருந்தது, முப்பது பேருக்குக் காணும். பாதிரியார் தேவாலயத்தைத் திறந்துவிடுவதாகச் சொன்னார். பின்பகுதியில் நீண்ட பெஞ்சுகளைச் சில ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துவிட்டதால் அங்கே மேசை போடலாம்.

யார் எங்கே? முதலில் வந்த யோசனை எல்லோருக்கும் நியாயமாகவே பட்டது. முதியவர்களுக்கு ஊர்க் கூடம். அங்கே சூடேற்றி இருக்கிறது, கழிவறை பக்கத்தில். குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்குத் தேவாலயம், ஓடியாட இடம். தொண்டர்கள் பட்டியலைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஏப்ரலில் சேர்ந்த அந்தத் தாய் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கூடத்துப் பட்டியலில் புதுக் குடியிருப்பின் முகவரி ஒன்றுகூட இல்லை. தேவாலயப் பட்டியலில் முக்கால்வாசி அதுதான். யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. வயதை வைத்துப் பிரித்தால் சாலையை வைத்துப் பிரித்த மாதிரி ஆகிறது.

சற்று நேரம் வாக்குவாதம். பெயர்ச்சீட்டு போட்டுக் கலந்து உட்கார வைக்கலாம் என்றார் ஒருவர். கல்யாண வீட்டில் அந்நியர் பக்கத்தில் உட்கார வைப்பதை ஏற்பவர்கள்கூட ஊர் விருந்தில் ஏற்க மாட்டார்கள் என்று இன்னொருவர் மறுத்தார். தீர்வு உணவு மேசையிலிருந்து வந்தது. காரமும் கறியும் சாலடும் ஊர்க் கூடத்தில், இனிப்பு, தேநீர், கண்காட்சி எல்லாம் தேவாலயத்தில், குலுக்கல் கூடாரத்தில். எங்கே உட்கார்ந்தாலும் மற்ற இடத்துக்கு நடந்தே ஆகவேண்டும். சந்து ஏற்கெனவே மூடியிருப்பதால் பிள்ளைகள் குறுக்கே ஓடினாலும் பயமில்லை. கூடத்துக்குள் 120-ஐத் தாண்டாமல் எண்ண வாசலில் ஒருவர்.

இன்னொரு கவலை கோவிட். பொதுமக்களுக்கான இலவசப் பரிசோதனை ஏப்ரல் தொடக்கத்திலேயே நின்றிருந்தது. சந்தில் வெளியே உட்காரலாம் என்று நம்பிப் பெயர் கொடுத்த முதியவர்கள் சிலர், உள்ளே என்றால் வரவில்லை என்று அன்றிரவே சொல்லிவிட்டார்கள். அவர்களுக்குத் தட்டு கொண்டுபோய்க் கொடுக்க ஒரு பட்டியல் எழுதினோம்.

ஞாயிறு

காலையிலிருந்து மழை; ஓய்ந்து ஓய்ந்து பெய்தது. கொடித்தோரணங்கள் நனைந்து, சாயம் கரைந்து சந்தின் சுவரில் சிவப்புக் கோடுகள் வழிந்தன. வந்தவர்கள் சுமார் 180 பேர்.

கொரோனேஷன் சிக்கன் ஏழு பாத்திரம் வந்தது. 1953 முடிசூட்டு விருந்துக்காக உருவான பதார்த்தம். வெந்த கோழியை மயோனைஸும் கறிப்பொடியும் கலந்து குளிரக் கொடுப்பார்கள். நம் நாக்குக்கு அது கறியும் இல்லை, குருமாவும் இல்லை, ஆனால் ஏழும் காலியானது. அந்த ஆண்டுப் போட்டியில் தேர்வான ஜூபிலி இனிப்பு, எலுமிச்சை சுவிஸ் ரோலும் அமரெட்டி பிஸ்கட்டும் அடுக்கிய டிரைஃபிள், செய்யப் பெரும்பாடு என்பதால் ஒன்றே ஒன்று வந்தது. ஒவ்வொரு பாத்திரத்தின் மேலும் ஒவ்வாமைச் சீட்டு: பால், முட்டை, கொட்டை, கோதுமை உண்டா இல்லையா. குளிர்ப்பெட்டிக்கு வெளியே நான்கு மணி நேரத்தைத் தாண்டியது எல்லாம் குப்பைக்குப் போனது, எத்தனை பேர் முகம் சுளித்தாலும்.

நடக்க வைக்கும் ஏற்பாடு எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வேலை செய்தது. தட்டை ஒரு கையிலும் குடையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு சந்தில் முட்டி மோதி நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். கண்காட்சியில் 1935 படத்தில் இருக்கும் பிள்ளைகளில் ஒருவர், தொண்ணூற்றைத் தாண்டியவர், தன் விரலால் தன்னையே காட்டினார். புதுக் குடியிருப்புப் பிள்ளைகள் அவரைச் சுற்றி வெகுநேரம் நின்றார்கள்.

மக் விஷயத்தில் சொதப்பல். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரைப்பருவ விடுமுறைக்கு முன் மே கடைசியிலேயே கொடுத்தாகிவிட்டது. படிவம் தந்தவர்களுக்கு ஞாயிறு. படிவம் தராத பிள்ளைகள் முப்பதுக்கு மேல் வந்தார்கள். கூடுதல் இருபது அரை மணியில் தீர்ந்தது. பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பையன்கள் இருவர், ஒரே வயது. ஊர்ப் பள்ளிக்குப் போகிறவன் கையில் மக் வாங்கி ஒரு வாரம் ஆகிறது. நகரத்துப் பள்ளிக்குப் போகிறவனுக்கு மேசையில் இருந்த தொண்டர், ‘பிறகு வரும்’ என்று ஒரு சீட்டில் பெயர் எழுதிக்கொடுத்தார். அவன் அழவில்லை. சீட்டை மடித்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, நண்பனின் மக்கில் ஜூஸ் குடித்தான். அவன் அம்மா கோபப்படவும் இல்லை. எங்கள் தெருவில் இதழ் வந்ததே இல்லையே என்று மட்டும் கேட்டார். தொண்டரிடம் பதில் இல்லை.

ஐந்து மணிவாக்கில் கூடத்துத் தொலைக்காட்சியில் அரசி அரண்மனை உப்பரிகைக்கு வந்ததைக் காட்டினார்கள். வெள்ளி வழிபாட்டுக்கு உடல்நிலையால் வராதவர் என்பதால் கூடத்தில் ஒரு நிமிடம் பேச்சு நின்றது. பிறகு பாத்திரம் கழுவப் போனோம்.

பிறகு நடந்தவை

பதினான்கு பிள்ளைகளுக்கு மக் ஆகஸ்டில் வந்தது. அந்தத் தாயே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். இதழ் போடும் தெருப் பிரிவு திருத்தப்பட்டது. அறுபது வீடுகளை மூன்று பேர் பங்கிட்டுக்கொண்டார்கள்.

விருந்துக்கு முன்பே, மார்ச்சில், நடவுப் பருவம் முடியும் முன், ஜூபிலிக்காக நாடெங்கும் மரம் நடும் திட்டத்தில் புல்வெளி ஓரமாக ஒரு ஓக் கன்று வைத்திருந்தோம். நடும்போது படமெடுக்க நாற்பது பேர் வந்தார்கள். தண்ணீர் ஊற்றும் முறை யாருக்கும் போடவில்லை. அந்த ஜூலை இங்கிலாந்தில் 1935-க்குப் பிறகு மிக வறண்ட ஜூலை. 19-ஆம் தேதி நாட்டில் முதன்முறையாக வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியது. ஆகஸ்டில் கன்று காய்ந்துவிட்டது. செப்டம்பர் 8-இல் அரசி காலமானார். மரம் நடும் திட்டத்தை அவர் நினைவாக 2023 மார்ச் வரை நீட்டித்தார்கள். குளிர்காலத்தில் அதே குழியில் வேறு கன்று வைத்தோம். இந்த முறை கூடத்துக் கதவில் வாரம் ஒரு வீடு என்று தண்ணீர் ஊற்றும் அட்டவணை ஒட்டப்பட்டது.

என்ன மாறும்

பெயர்ப் பட்டியல் கேட்கும் முன், செய்தி எல்லா வீட்டுக்கும் போகிறதா என்று வரைபடத்தை வைத்துப் பார்க்க வேண்டும். இது ஒன்றைச் செய்திருந்தால் மற்றவற்றில் பாதி வந்திருக்காது. பதில் வராத தெருவை ஆர்வமில்லாத தெரு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குழுவில் அந்தப் பக்கத்து ஆள் ஏப்ரலில் அல்ல, முதல் கூட்டத்திலேயே இருக்க வேண்டும். நினைவுப்பொருளுக்குப் பதிவே வேண்டாம், பிள்ளைகளின் உத்தேச எண்ணிக்கைக்கு மேல் கால் பங்கு கூட்டி வாங்கிவிடலாம் என்பது என் கருத்து. எழுத்தர் இதை ஏற்கவில்லை, மிஞ்சினால் கவுன்சில் பணம் வீண் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

சாப்பாட்டை இடம் பிரித்து வைப்பதை மழை இல்லாவிட்டாலும் தொடரலாம். மேட்டுப் பாதையில் கார் விடாமல் நடந்தே வரச் சொல்ல வேண்டும். வாழ்த்துக்குத் தனி நேரம் என்ற ஏற்பாட்டில் மாற்றம் வேண்டாம்.

மூன்றாம் சார்லஸின் முடிசூட்டு 2023 மே 6 சனி. மறுநாள் ஞாயிறு கூட்டு விருந்து. அதைப் புதுக் குடியிருப்பின் நடுவிலுள்ள புல்தரையில் வைத்தார்கள். பழைய ஊரிலிருந்து வந்தவர்கள், கையில் பாத்திரமும் நாற்காலியுமாகச் சாலையோரம் வெகுநேரம் நிற்க வேண்டியிருந்தது. ஐம்பது மைல் வேகத்தில் வரும் வண்டிகளுக்கு நடுவே முதியவர்களை எப்படிக் கடக்கச் சொல்வது என்று அன்றைக்கே பலர் புகார் சொன்னார்கள். அந்த மாதக் கவுன்சில் கூட்டத்திலேயே சாலை கடக்கும் வசதி கேட்டுக் கவுண்டி கவுன்சிலுக்கு, அதாவது சாலைகளைக் கவனிக்கும் மேல்நிலை உள்ளாட்சிக்கு, மனு தயாரானது. கையெழுத்தில் முக்கால்வாசி பழைய ஊர்க்காரர்களுடையது.